நாய் பேசாது, சரி. படம் எங்கே போனது?

கேள்வி இதுதான்: 1920களில் உலகப் புகழ் பெற்றிருந்த ரின் டின் டின் என்ற நாய், பேசும் படம் வந்த புதிதில் நடித்த சில படங்கள் தொலைந்துபோனதாகச் சொல்கிறார்கள். அவ்வப்போது அந்தக் காலத்து நாய்ப் படம் ஒன்று கண்டெடுக்கப்பட்டதாகவும் செய்தி வருகிறது. பெரிய நிறுவனம் எடுத்த படம் எப்படித் தொலையும்? கண்டெடுத்தோம் என்கிறவர்கள் கையில் உண்மையில் இருப்பது என்ன? அந்த நாயின் பேசும் படத்தை இன்றைக்குப் பார்க்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பார்க்கலாம். ஆனால் வார்னர் பிரதர்ஸ் பணத்தைக் கொட்டி எடுத்த பேசும் படங்களைவிட, அவர்கள் நாயைக் கைகழுவிய பிறகு ஒரு சின்ன நிறுவனம் அவசர அவசரமாக எடுத்த இரண்டு தொடர்படங்கள்தான் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. இப்படி நேர்ந்ததில் வியப்பு எதுவும் இல்லை. காரணத்தைச் சொன்னால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

1928, 1929 ஆண்டுகளில் வெளிவந்த வார்னர் பேசும் படத்துக்கு உடல் இரண்டு. காட்சி செல்லுலாய்டு சுருளில் இருந்தது. ஒலி தனியே இசைத்தட்டில் இருந்தது. இரண்டும் வேறு வேறு பெட்டிகளில் பயணம் செய்தன, வேறு வேறு கைகளுக்குப் போயின, வேறு வேறு விதமாக அழிந்தன. ஆகவே ஒரு படம் கிடைத்தது என்று யாராவது சொன்னால், எது கிடைத்தது, சுருளா தட்டா, அதுவும் எந்தப் பதிப்பு என்று மூன்று கேள்வி கேட்காமல் கை தட்டக் கூடாது.

நாயின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918 செப்டம்பரில், லீ டங்கன் என்ற அமெரிக்கப் படைவீரர் பிரான்சின் லோரேன் பகுதியிலுள்ள ஃபிளிரே என்ற சிற்றூரில், குண்டு விழுந்து சிதைந்துகிடந்த ஒரு நாய்க் கொட்டிலுக்குள் போனார். ஜெர்மன் படை விட்டுச்சென்ற இடம் அது. அங்கே உயிரோடு இருந்தது ஒரு தாய் நாயும் இன்னும் கண் திறக்காத அதன் குட்டிகளும்தான். அவற்றில் இரண்டு குட்டிகளை அவர் தனக்கென்று வைத்துக்கொண்டார். அப்போது பிரான்சில் ராசிக்காகப் படைவீரர்களுக்குக் கொடுத்துவந்த இரண்டு குட்டிப் பொம்மைகளின் பெயர்களையே அவற்றுக்கும் வைத்தார்: ரின்டின்டின், நெனெட். பெண் குட்டி அமெரிக்கக் கரை சேர்ந்த சில நாட்களில் நோயில் இறந்துபோனது. ஆண் குட்டி கலிஃபோர்னியாவில் வளர்ந்து, 1922இல் ஒரு நாய்க் காட்சியில் 11 அடி 9 அங்குல உயரத்தைத் தாண்டியது. அந்தத் தாவலை ஒருவர் மெதுவாக ஓடும் காட்சியாகப் படம் பிடித்துவைத்தார். அதுதான் டங்கனுக்குத் திரைப்பட ஆசையைக் கிளப்பியது. மறு ஆண்டே வார்னர் பிரதர்ஸின் ‘வேர் த நார்த் பிகின்ஸ்’ படத்தில் நாய் நாயகனாகிவிட்டது. அதன் படங்கள் ஓடி வந்த பணத்தில்தான் அந்த நிறுவனம் தலை நிமிர்ந்தது என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் அடியோடு பொய்யில்லை.

இந்த நாய்க்கு ஏன் அத்தனை மவுசு என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது 1925இல் வந்த ‘கிளாஷ் ஆஃப் த வுல்வ்ஸ்’ படத்தைத்தான். அதில் ரின் டின் டின் லோபோ என்ற பெயரில் ஓநாய்க் கூட்டத்துக்குத் தலைவன். காலில் கள்ளி முள் தைத்துவிடுகிறது. நொண்டும் ஓநாயை அதன் கூட்டமே கடித்துக் குதறிவிடும் என்பது கதையின் விதி. ஆகவே லோபோ ஒதுங்கிப் போகிறான். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நடக்கும் அந்த நடையில், வலியும் அதை மறைக்கும் முயற்சியும் ஒருசேரத் தெரிகின்றன. மௌனப் படத்தில் வசனத்தையும் விளக்கத்தையும் எழுதி இடையிடையே காட்டும் எழுத்து அட்டை எதுவும் வந்து இதை விளக்குவதில்லை. பிறகு சார்லஸ் ஃபாரல் நடித்த நாயகன் அதைக் காப்பாற்றுகிறான். லோபோவின் தலைக்கு விலை வைத்திருப்பதால், ஊருக்குள் போகும்போது அதன் கால்களுக்குத் தோல் காலணியும் முகவாய்க்குப் பொய்த்தாடியும் மாட்டிவிடுகிறான்! அழவைக்கும் காட்சிக்கும் இந்தக் கூத்துக்கும் இடையே அதிக நேரம் இல்லை. இரண்டையும் அதே நாய் தாங்கிப் பிடிக்கிறது. இப்படிப்பட்ட நடிப்புக்கு ஒலி என்னத்தைக் கூட்டிவிடப் போகிறது?

ஆனால் ஒலி வந்தது. கொண்டுவந்ததும் இதே வார்னர் பிரதர்ஸ்தான். 1926 ஆகஸ்டில் ‘டான் ஹுவான்’ இசையோடு வந்தது. 1927 அக்டோபரில் ‘த ஜாஸ் சிங்கர்’ பாட்டும் கொஞ்சம் பேச்சுமாக வந்தது. 1928 ஜூலையில் ‘லைட்ஸ் ஆஃப் நியூயார்க்’ முழுக்க முழுக்கப் பேசியது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது, ஒலியைத் தட்டில் பதிந்து படத்தோடு ஓட்டும் வைட்டஃபோன் என்ற ஏற்பாடு. அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தால்தான் படங்கள் தொலைந்த விதம் புரியும்.

வைட்டஃபோன் தட்டு 16 அங்குல விட்டம் கொண்டது. வீட்டு கிராமபோன் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்றது; இது 33⅓ முறைதான். ஆயிரம் அடி நீளமுள்ள ஒரு படச்சுருள் ஓடி முடிய ஏறத்தாழ 11 நிமிடம் ஆகும். ஒரு தட்டும் அதே நேரம் ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மெதுவான வேகம். ஊசி தட்டின் உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். உள்வட்டத்தில் ஒலிவரிகள் நெருக்கமாக இருக்கும், அங்கே ஊசி கூர்மையாக இருக்க வேண்டும். வெளிவட்டத்துக்கு வருவதற்குள் எஃகு ஊசி மழுங்கியிருக்கும். ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் புது ஊசி. தட்டின் லேபிளில் சிறு சிறு கட்டங்கள் அச்சிட்டிருப்பார்கள். ஒரு தடவை ஓட்டியதும் ஆபரேட்டர் ஒரு கட்டத்தில் குறி இடுவார். 20 தடவை ஆனதும் தட்டைக் கழித்துவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் இரைச்சல்தான் கேட்கும்.

தொடங்கும் இடத்தைக் காட்ட, தட்டில் ஓர் அம்புக்குறி. சுருளிலும் ஒரு குறி. ஆபரேட்டர் இரண்டையும் பொருத்தி வைத்து, ஒரே மோட்டாரில் இரண்டையும் ஓட்டுவார். படச்சுருள் நடுவில் அறுந்தால் சும்மா ஒட்டிவிட முடியாது. எத்தனை சட்டகம், அதாவது சுருளிலுள்ள தனித்தனிப் படம், போனதோ அத்தனை கறுப்புச் சட்டகங்களை எண்ணி இடையில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்து சுருள் முடியும்வரை வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போகும். ஊசி ஒரு வரி தாண்டிக் குதித்தாலும் இதே கதிதான். கூட்டம் கூச்சல் போடும். ஆபரேட்டர் பாவம், கூண்டுக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நாயை நடிக்கவைப்பது படு தொல்லை. மௌனப் படத்தில் லீ டங்கன் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, காட்சி முடியும்வரை நாயிடம் பேசிக்கொண்டே இருப்பார். ‘போ, திரும்பு, படு, இன்னும் கொஞ்சம், நல்ல பிள்ளை’ என்று ஓயாமல் குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குத்தான் நாய் நடித்தது. மைக்ரோபோன் வந்ததும் அவர் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று, இனி கையசைவுதான். போதாக்குறைக்கு, கேமரா ஓடும் சத்தம் பதிவாகிவிடக் கூடாது என்று அதைக் கண்ணாடிச் சன்னல் வைத்த ஓர் ஒலிபுகாக் கூண்டுக்குள் அடைத்துவிட்டார்கள். கேமரா நகராது; நடிகர்களும் மைக் ஒளிந்திருக்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது. பனிக்காட்டிலும் பாலைவனத்திலும் பாய்ந்து ஓடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நாயை இதைவிடக் கொடுமையாகக் கட்டிப்போட முடியாது. போட்டி நிறுவனமான ஃபாக்ஸ், ஒலியைப் படச்சுருளிலேயே பதியும் முறையைக் கையாண்டதால், ‘இன் ஓல்ட் அரிசோனா’ படத்துக்காகத் திறந்த வெளிக்குப் போய்ப் பதிவுசெய்ய முடிந்தது. மெழுகுத் தட்டில் நேரடியாகப் பதிவுசெய்துகொண்டிருந்த வார்னருக்கு அது அவ்வளவு எளிதல்ல.

ஆகவே வார்னர் பாதிக் கிணறு தாண்டியது. ‘லேண்ட் ஆஃப் த சில்வர் ஃபாக்ஸ்’, ‘ஃப்ரோசன் ரிவர்’, ‘த மில்லியன் டாலர் காலர்’ ஆகியவை பாதிப் பேச்சுப் படங்கள். பெரும்பகுதி பழையபடி இசையும் எழுத்து அட்டையுமாக ஓடும். இடையில் சில காட்சிகளில் மனிதர்கள் நின்ற இடத்தில் நின்றபடி பேசுவார்கள். ‘ஃப்ரோசன் ரிவர்’ படத்தில் டேவி லீ என்ற சிறுவனைச் சேர்த்ததே, அவன் ‘த சிங்கிங் ஃபூல்’ என்ற பேசும் படத்தில் கூட்டத்தைக் கண்ணீர் விடவைத்திருந்தான் என்பதால்தான். பிறகு முழுப் பேச்சில் ‘டைகர் ரோஸ்’ வந்தது. அதில் லூப்பே வெலஸ்தான் நட்சத்திரம், நாய் பக்கவாத்தியம். ‘த மேன் ஹண்டர்’, ‘ரஃப் வாட்டர்ஸ்’, ‘ஆன் த பார்டர்’ ஆகிய மூன்றும் 1930இல் வெளிவந்தன.

அவை திரைக்கு வருவதற்கு முன்பே முடிவு எடுத்தாகிவிட்டது. 1929 டிசம்பரில் டங்கனுக்கு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பேசும் படங்களுக்கென்று தாங்கள் வகுத்துக்கொண்ட கொள்கைக்கு விலங்குப் படங்கள் பொருந்தவில்லை, காரணம் வெளிப்படை, நாய்கள் பேசுவதில்லை என்பது அதன் சாரம். இதை எழுதியவர் சிரித்துக்கொண்டே எழுதினாரா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

அதே சமயத்தில் எம்ஜிஎம் நிறுவனம் நாய்களைப் பேசவே வைத்துவிட்டது. ‘டாக்வில்’ என்ற வரிசையில் 1929 முதல் 1931 வரை வந்த ஒன்பது குறும்படங்களில் நாய்கள் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு இரண்டு காலில் நிற்கும், மனிதக் குரலில் காதல் வசனம் பேசும். அப்போது ஓடிய வெற்றிப் படங்களைக் கிண்டல் செய்வதுதான் இவற்றின் வேலை. மிட்டாயை மெல்லவைத்து வாய் அசைவை எடுத்தார்கள், கம்பி கட்டி உடலை அசைத்தார்கள். பார்க்கும்போது எனக்குச் சிரிப்பைவிடச் சங்கடம்தான் அதிகம். இவை தொலையாமல் பத்திரமாக இருக்கின்றன என்பது இன்னொரு வேடிக்கை.

இனி, தொலைந்த கதை. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் செல்லுலாய்டு. எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. எரியாமல் விட்டாலும் மெல்ல மக்கும். முதலில் காட்சி வெளிறும், பிறகு சுருள் கருப்பட்டிப் பாகு போலப் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பழுப்பு நிறத் தூளாகும். 1937இல் நியூ ஜெர்சியிலுள்ள லிட்டில் ஃபெர்ரியில் ஃபாக்ஸின் கிடங்கு பற்றியெரிந்து, அந்த நிறுவனத்தின் மௌனப் படங்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. ஆனால் தீயைவிட அதிகமாக அழித்தது அலட்சியம். ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பு கிடையாது. சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்தால் நாலு காசு வரும். வைத்துக்கொண்டிருந்தால் கிடங்கு வாடகையும் காப்பீடும் போகும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வந்த ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில் 70 சதவீதம் அடியோடு போய்விட்டன. வெளியானபோது இருந்த வடிவில் எஞ்சியிருப்பவை 14 சதவீதம் மட்டுமே.

பாதிப் பேச்சுப் படங்கள் இந்தப் பேரிழப்பிலும் தனியாக ஓர் அடி வாங்கின. மௌனப் படத்தைக் கொண்டாட ரசிகர்கள் பிற்காலத்தில் கிளம்பினார்கள். பேசும் படத்துக்குத் தொலைக்காட்சி இருந்தது. இது இரண்டுக்கும் நடுவே அகப்பட்டது. ஊசியால் தேய்ந்த தட்டு குப்பைக்குப் போனது; தட்டு இல்லாத சுருளை யாரும் தொடவில்லை. 1930க்குப் பிறகு வார்னரும் ஒலியைச் சுருளிலேயே பதியத் தொடங்கிவிட்டதால், தட்டு ஓட்டும் கருவிகளையே திரையரங்குகள் கழற்றி எறிந்தன. 1956இல் வார்னர் தன் பழைய படங்களை ஒட்டுமொத்தமாக அசோசியேட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் புரொடக்ஷன்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றது. அவர்கள் தொலைக்காட்சிக்காக 16 மில்லிமீட்டர் பிரதிகள் எடுத்தார்கள். அந்த மூட்டை கைமாறி யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸிடம் போய், 1969இல் அதன் நைட்ரேட் சுருள்கள் நாடாளுமன்ற நூலகத்துக்கு நன்கொடையாக வந்தன. இன்று பார்க்கக் கிடைக்கும் 1930ஐச் சுற்றிய வார்னர் படங்களில் பெரும்பாலானவை இந்த வழியில் தப்பிப் பிழைத்தவையே.

எஞ்சியவை எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் உலகத்தின் கோடியிலிருந்து. அமெரிக்க நகரங்களில் ஓடித் தேய்ந்த பிரதி கடைசியாகப் போய்ச் சேருவது நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, கனடாவின் வடகோடி போன்ற இடங்களுக்கு. அங்கிருந்து திருப்பி அனுப்பும் கப்பல் கூலி, பிரதியின் விலையைவிட அதிகம். அங்கேயே அழித்துவிடுங்கள் என்று விநியோகஸ்தர் சொல்லிவிடுவார். சொன்னபடி செய்யாதவர்களுக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும். கனடாவின் டாசன் நகரில் பழைய நீச்சல் குளத்தை மூடும்போது சுருள்களைப் போட்டு மண்ணால் நிரப்பிவிட்டார்கள். உறைநிலத்தின் குளிர் அவற்றைக் காத்தது. 1978இல் அங்கே கட்டுமான வேலைக்காகத் தோண்டியபோது 533 சுருள்கள் வெளியே வந்தன. நியூசிலாந்திலிருந்து 2010இல் 75 அமெரிக்கப் படங்கள் திரும்பின. ஜான் ஃபோர்டின் ‘அப்ஸ்ட்ரீம்’ அவற்றில் ஒன்று. மேலே நான் விவரித்த ‘கிளாஷ் ஆஃப் த வுல்வ்ஸ்’ படத்தின் பிரதி கிடைத்ததும் இப்படித்தான், தென்னாப்பிரிக்காவில். 2003இல் அதைச் சீரமைத்தார்கள். மறு ஆண்டே அது அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இங்கேதான் பேசும் படத்துக்குரிய சிக்கல். உலகத்தின் கோடியில் இருந்த அரங்குகள் பலவற்றில் 1929இல் ஒலிக்கருவி கிடையாது. ஆகவே பல பேசும் படங்களுக்கு ஒரு மௌனப் பதிப்பும் தயாரித்து அனுப்பினார்கள். பேச்சுக் காட்சிகளைச் சுருக்கி, எழுத்து அட்டைகளைச் செருகிய பதிப்பு அது. சில சமயம் வெளிநாட்டுக்கென்றே பக்கத்தில் இரண்டாவது கேமரா வைத்து எடுத்த நெகட்டிவிலிருந்து அது தயாராகும். கோணம்கூடக் கொஞ்சம் மாறியிருக்கும். தொலைதூரத்தில் கண்டெடுக்கப்படும் ‘பேசும் படம்’ பெரும்பாலும் இந்த மௌனப் பதிப்பாகத்தான் இருக்கும். அதனோடு அமெரிக்காவில் கிடைத்த தட்டைப் பொருத்த முயன்றால், சில நிமிடங்களிலேயே இரண்டும் ஆளுக்கொரு திசையில் போகும். கண்டெடுத்தது என்னவோ உண்மைதான், ஆனால் 1929இல் நியூயார்க் ரசிகர் பார்த்த படம் அது இல்லை.

தலைகீழாகவும் நடக்கும். 1929இன் பெரும் வெற்றிப்படமான ‘கோல்டு டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே’க்கு ஒலித்தட்டுகள் முழுமையாக இருக்கின்றன, காட்சியில் கடைசிச் சுருள்கள் மட்டுமே மிஞ்சின. படம் முழுவதையும் கேட்கலாம், பார்க்க முடியாது. இப்படிப் பிரிந்துகிடப்பவற்றைச் சேர்த்துவைப்பதற்கென்றே 1991இல் அமெரிக்காவில் சில தட்டு சேகரிப்பாளர்கள் ‘வைட்டஃபோன் புராஜெக்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எந்த வீட்டுப் பரணில், எந்தப் பழைய அரங்கின் நிலவறையில் தட்டு கிடக்கிறது என்று தேடிப்பிடித்து, ஆவணக் காப்பகங்களில் ஊமையாகக் கிடக்கும் சுருள்களோடு பொருத்திப் பார்ப்பது இவர்களின் வேலை. சம்பளமில்லாத வேலை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களால் வாய் திறந்த குறும்படங்கள் ஏராளம்.

பொருத்தும் வேலை கேட்பதற்கு எளிது. பழைய சுருள் சுருங்கியிருக்கும். துளைகளுக்கிடையே உள்ள தூரம் குறைந்து, இன்றைய இயந்திரத்தின் பற்களில் ஏறாது. யாரோ எப்போதோ வெட்டி ஒட்டிய இடத்தில் பத்துச் சட்டகம் காணாமல் போயிருக்கும்; ஒலியைக் கேட்டுத்தான் எத்தனை என்று கணக்கிட வேண்டும். கதவு சாத்தும் காட்சி, துப்பாக்கி வெடிக்கும் காட்சி, நாய் குரைக்கும் காட்சி ஆகியவை இதற்குப் பெரிய உதவி. ஒலியும் காட்சியும் ஒரே கணத்தில் நிகழ்பவை அவை. இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தட்டுப் படத்தின் சுருளில் ஒலிக்கோடு, அதாவது ஒலியைப் பதிந்துவைக்கும் ஓரப் பட்டை, இல்லாததால் காட்சி முழு அகலத்துக்கும் இருக்கும். பிற்காலத்தில் அதன் ஓரத்தில் ஒலிக்கோட்டைப் பதித்து மறுபிரதி எடுத்தபோது இடப் பக்கம் ஒரு பட்டை அடிபட்டது. நாய் இடது ஓரத்தில் நின்றால் மூக்கோ வாலோ போய்விடும். முழு அகலத்தோடு ஒரு சுருள் கிடைத்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அடையாளம் காண்பது வேறொரு தலைவலி. ரின் டின் டினின் வெற்றியைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு ஜெர்மன் ஷெப்பர்டைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எஃப்பிஓ நிறுவனத்துக்கு ரேஞ்சர், யுனிவர்சலுக்கு டைனமைட், இன்னும் தண்டர், பீட்டர் த கிரேட் என்று பட்டியல் நீளும். ரின் டின் டினுக்கு முன்பே புகழ் பெற்றிருந்த ஸ்ட்ராங்ஹார்ட் வேறு. தலைப்பு அட்டை இல்லாத ஒரு சுருளில் இந்த இனத்து நாய் ஓடினால், விற்பவர் கூசாமல் ‘ரின் டின் டின்’ என்று எழுதி ஒட்டிவிடுவார். அப்போது சுருளின் விளிம்பைப் பார்க்க வேண்டும். கோடாக் நிறுவனம் வட்டம், சதுரம், முக்கோணம் ஆகிய குறிகளை மாற்றி மாற்றி அச்சிட்டு, எந்த ஆண்டுச் சுருள் என்று குறித்துவைத்தது. அது 1920 என்று சொன்னால் ரின் டின் டின் பேச்சுக்கே இடமில்லை. நாடாளுமன்ற நூலகம் 2012 முதல் வர்ஜீனியாவின் கல்பெப்பர் நகரிலுள்ள தன் காப்பகத்தில் இதற்காகவே ஒரு கூட்டம் நடத்திவந்தது. பெயர் தெரியாத படங்களைத் திரையில் ஓட்டுவார்கள். அரங்கில் இருப்பவர்கள் காரின் எண் பலகை, கடைப் பெயர், துணை நடிகர் முகம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சத்தம் போட்டுச் சொல்வார்கள். திரையரங்கில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தேவையில்லாத ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த நாயைப் பற்றிய செய்திகளை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்ப்பது நல்லது. முதல் ஆஸ்கர் விருதில் சிறந்த நடிகருக்கு அதிக வாக்கு வாங்கியது ரின் டின் டின்தான், மானம் போகுமே என்று பரிசை எமில் யானிங்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். எஞ்சியிருக்கும் வாக்குச்சீட்டுகளைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தபோது நாய்க்கு ஒரு வாக்குகூட இல்லை. 1932 ஆகஸ்ட் 10 அன்று அது நடிகை ஜீன் ஹார்லோவின் மடியில் உயிர் விட்டது என்பதும் இந்த ரகம்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் டங்கனின் வீட்டில் இறந்தது என்பது வரை உண்மை. பாரிஸை அடுத்த அஸ்னியேரில் உள்ள நாய்க் கல்லறையில் அதற்குச் சமாதி இருப்பதும் உண்மை.

எதைப் பார்க்கலாம் என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். வார்னர் விரட்டிய பிறகு டங்கன் சும்மா இருக்கவில்லை. 1930இல் நாய் வானொலிக்குப் போனது. பேச வராது என்று வேலையை இழந்த நாய்க்குக் குரலை மட்டும் விற்கும் ஊடகத்தில் வேலை கிடைத்தது! அங்கேயும் பெரும்பாலான குரைப்பை ஒரு மனிதர்தான் குரைத்தார் என்பது தனிக் கதை. அதே ஆண்டில் நேட் லெவைன் என்பவரின் மாஸ்காட் நிறுவனம் ‘த லோன் டிஃபெண்டர்’ என்ற 12 பகுதித் தொடர்படத்தை எடுத்தது. 1931இல் ‘த லைட்னிங் வாரியர்’ வந்தது, அதுவும் 12 பகுதி. மாஸ்காட் சிக்கனத்துக்குப் பேர்போன நிறுவனம். வாரம் ஒரு பகுதியாகச் சிறுவர்களுக்காக ஓட்டப்பட்ட இந்தத் தொடர்கள், பிறகு சுருக்கப்பட்டும் மறுவெளியீடாகவும் பல கைகளுக்குப் போயின. அதனால்தான் பிழைத்தன. உரிமைச் சிக்கல் இல்லாததால் இணையத்திலேயே இரண்டையும் பார்க்கலாம்.

‘த லோன் டிஃபெண்டர்’ பொறுமையைச் சோதிக்கும். ஒவ்வொருவரும் மைக்குக்குப் பயந்தவர்போல நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள். தங்கச் சுரங்கத்தைக் கண்டுபிடித்தவரைக் கொன்றுவிடுகிறார்கள். வழி தெரிந்த ஒரே சாட்சி அவருடைய நாய். கதையின் முடிச்சே நாயால் வாய் திறந்து சொல்ல முடியாது என்பதுதான். வார்னர் எதைக் குறை என்றதோ அதையே மாஸ்காட் கதையாக்கிவிட்டது. ‘கிளாஷ் ஆஃப் த வுல்வ்ஸ்’ படத்தின் நாயகி ஜூன் மார்லோ இதிலும் இருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்: ஐந்து ஆண்டு இடைவெளியில் அவர் கூச்சத்தோடு வசனம் ஒப்பிக்கிறவராக மாறியிருப்பார், நாய் செய்வதில் பெரிய மாற்றம் தெரியாது.

‘த லைட்னிங் வாரியர்’ இன்னும் விறுவிறுப்பு. சாப்ளினின் ‘த கோல்டு ரஷ்’ நாயகி ஜார்ஜியா ஹேலும், பிற்காலத்தில் நட்சத்திரமான ஜார்ஜ் பிரெண்டும், ஃபிராங்கி டாரோ என்ற சூட்டிகையான பையனும் இருக்கிறார்கள். அதற்குள் ஒலிப்பதிவும் தேறியிருந்தது. கேமரா கூண்டைவிட்டு வெளியே வந்திருந்தது. ரின் டின் டினுக்கு அப்போது வயது 13ஐ நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த இனத்துக்கு அது முதுமை. பாய்ச்சலையும் சண்டையையும் வேறு நாய்கள் செய்கின்றன. கூர்ந்து பார்த்தால் முதுகின் கருமையிலும் காதின் நிமிர்விலும் வித்தியாசம் தெரிகிறது. நிதானமாக நின்று திரும்பிப் பார்க்கும் நெருக்கக் காட்சிகளில் இருப்பது பழைய நாய்தான் என்று நினைக்கிறேன். முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். தொடர் சூடு பிடிப்பதே அதற்குப் பிறகுதான்.